வாயில் மறுத்தல்

அகப்பொருள் இலக்கணத்திலே 'வாயில் மறுத்தல்' என்றொரு துறை உண்டு. பரத்தையரிடம் சென்று மீளும் தலைவன் நேரே வீட்டினுள் நுழையத் துணியாது, பாணனையோ பாங்கனையோ விறலியையோ முன்னே அனுப்புவான். அவ்வாறு தூதாக வருபவர்க்கு 'வாயில்' என்பது பெயர். தொல்காப்பியர் கற்பியலிலே பன்னிரு வகை வாயில்களை எண்ணிச் சொல்கிறார். வந்த தூதை ஏற்றுக்கொண்டால் அது வாயில் நேர்தல். வாசலிலேயே திருப்பிவிட்டால் அது வாயில் மறுத்தல். உரையாசிரியர்கள் இதனை ஊடலின் நயமாகக் கண்டு மகிழ்ந்தார்கள். எனக்கோ இதிலே வேறொன்று தெரிகிறது. வீட்டுப் பெண்ணுக்குச் சொத்தின்மீதும் கணவன்மீதும் எந்த அதிகாரமும் இல்லாத ஒரு சமுதாய அமைப்பிலே, தன்னை நோக்கி வருகின்ற சொல்லை வாசலில் நிறுத்தும் உரிமை ஒன்று மட்டும் அவளுக்கு விடப்பட்டிருந்தது.

இன்று அவ்வுரிமை, மின்னஞ்சற் கணக்கு வைத்திருக்கும் அனைவர்க்கும் ஒரு பொத்தானாக வழங்கப்பட்டிருக்கிறது. ஜீமெயிலிலே வேண்டாத கடிதமொன்றைத் திறந்து, அதன் வலப்பக்க மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், அனுப்பியவரைத் தடுக்கும் கட்டளை தோன்றும். அதனைத் தொட்டபின் அந்த முகவரியிலிருந்து வரும் கடிதங்கள் நம் கண்ணிற் படா. குப்பைக் கடிதங்களுக்கென ஒதுக்கப்பட்ட 'ஸ்பாம்' பெட்டியிலே விழும். முப்பது நாள் அங்கே கிடந்து பின் தாமாகவே அழியும். அனுப்பியவனுக்கு இது தெரிவிக்கப்படுவதில்லை. தோழி பாணனின் முகத்துக்கு நேரே மறுத்தாள். இங்கே பாணன் வாசலில் நின்று பாடிக்கொண்டேயிருப்பான். உள்ளே எவரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

மற்றுமொரு வேறுபாடு உண்டு, அதுவே பெரிது. தோழி மறுத்தது அவள் நன்கறிந்த ஒருவனை. எவன் அனுப்பினான், எங்கிருந்து வருகிறான், அவன் மார்பிற் பூசிய சந்தனம் எவளுடையது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மின்னஞ்சலின் வாசலில் நிற்பவனோ முகமற்றவன். வகுப்பிலே கடிதம் எழுதக் கற்பிக்கும்போது, எழுதுபவர் தம் முகவரியையும் திகதியையும் வலப்பக்க மேல் மூலையில் எழுத வேண்டுமென்று மாணவர்க்குச் சொல்கிறோம். ஒருவன் அங்கே பொய் முகவரியை எழுதினாலும் தபாற்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். அதனைச் சரிபார்ப்பது அவர் தொழிலன்று. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் விதிகளை 1982ஆம் ஆண்டில் ஜொன் போஸ்ரல் என்பவர் எழுதி வெளியிட்டபோது நிலைமை இதுவாகவே இருந்தது. அனுப்புபவன் தன் பெயரென்று எதனை எழுதினானோ அதனை இயந்திரம் நம்பிற்று. அன்று அந்த வலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வாளரும் அரசாங்க விஞ்ஞானிகளும். ஊரிலே எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும்போது படலைக்குப் பூட்டு எதற்கு? பூட்டுகள் பிற்காலத்தில் ஒட்டுப்போடப்பட்டவை. மொத்தமாகக் கடிதம் அனுப்புவோர் தம்மை உறுதிப்படுத்தியே தீரவேண்டுமென்று கூகிளும் யாஹூவும் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கியதே 2024 பெப்ரவரியில்தான். ஆகவே இன்று ஒரு முகவரியைத் தடுத்தால் நாளை அதே ஆள் இன்னொரு முகவரியில் வருவான். புதிய முகவரி செய்ய அவனுக்கு ஒரு நிமிடம் போதும்.

யார் இதற்குச் செலவு செய்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் விடயம் இன்னும் தெளிவாகும். 1840ஆம் ஆண்டுக்கு முன் இங்கிலாந்திலே கடிதத்துக்கான கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்பக் கூலி ஏறும். ஏழை வீடுகளிலே தபாற்காரரைக் கண்டால் மகிழ்ச்சியும் கிலியும் ஒருங்கே வந்திருக்கும். பணமில்லாதோர் உறையை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, 'வேண்டாம்' என்று திருப்பிக் கொடுப்பார்கள். உறையின் மேலிட்ட சிறு குறியே, மகன் நலமாயிருக்கிறான் என்ற செய்தியாகும். ரோலன்ட் ஹில் என்பவரின் சீர்திருத்தம் இதனை மாற்றிற்று. அனுப்புபவர் ஒரு பென்னி கொடுத்து முத்திரை ஒட்ட வேண்டும். பெறுபவர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்பிரலில் வெளிவந்தது. மனித குலத்தின் சனநாயக வளர்ச்சியிலே இந்தச் சிறு காகிதத் துண்டுக்குரிய இடத்தை நமது வரலாற்று நூல்கள் போதுமான அளவு பேசுவதில்லை.

மின்னஞ்சல் வந்து அந்த முத்திரையைக் கிழித்தெறிந்தது. நூறு பேருக்கு அனுப்பினாலும் இலட்சம் பேருக்கு அனுப்பினாலும் அனுப்புபவனுக்கு ஏறத்தாழ ஒரே செலவு. 1978 மே மாதத்திலே கரி தேர்க் என்னும் கணினி விற்பனையாளர், அன்றைய அமெரிக்க ஆய்வு வலையமைப்பில் இருந்த ஏறக்குறைய நானூறு பேருக்குத் தம் கொம்பனியின் புதிய இயந்திரங்களைப் பற்றி ஒரே கடிதத்தை அனுப்பினார். வேண்டாத மின்னஞ்சலின் வரலாறு அங்கே தொடங்குகிறது. அவர் கண்டிக்கப்பட்டார், ஆனால் அதனால் நல்ல விற்பனையும் நடந்தது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். கண்டனம் ஒருபுறம், இலாபம் ஒருபுறம் என்றிருந்தால் எது வெல்லும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இன்று உலகில் ஓடும் மின்னஞ்சல்களுள் ஏறக்குறையப் பாதி, எவரும் கேட்காத கடிதங்களே. அவற்றுக்கான கூலியை மீண்டும் பெறுபவரே கொடுக்கிறார். எங்கள் பக்கத்திலே அந்தக் கூலி கண்கூடானது. ஐம்பது ரூபாவுக்கும் நூறு ரூபாவுக்கும் 'றீலோட்' போட்டு இணையத்தை அளந்து அளந்து பாவிக்கும் வீட்டிலே, தெரியாத ஒருவனின் பரிசுச்சீட்டுக் கதையைத் திறந்து பார்ப்பதற்கும் அந்த ரூபாவிலிருந்தே கழிகிறது.

எங்கள் பக்கம் என்று நான் சொல்வது கிளிநொச்சியை. இங்கே 'தடுத்தல்' என்ற சொல்லுக்குப் பழைய பொருளொன்று இருக்கிறது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், 2002இல் ஏ-9 வீதி திறக்கப்படும் வரையில், வன்னிப் பெருநிலம் முழுவதுமே தடுக்கப்பட்ட ஒரு முகவரியாக இருந்தது. எரிபொருள், பற்றரி, மெழுகுவர்த்தி முதலியன தடைப் பட்டியலில் இருந்தன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. கடிதங்கள் மாதக்கணக்கிற் பிந்தி வரும். சில வராமலே போகும். 2006 ஓகத்தில் வீதி மறுபடியும் மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்களும் வெளியேறினர். அதன்பின் 2009 மே வரையில் இம்மண்ணிலிருந்து புறப்பட்ட எத்தனையோ குரல்கள் போய்ச்சேர வேண்டிய இடத்தைச் சேரவில்லை. ஆகையால், 'வேண்டாதவரைத் தடுத்துவிடுங்கள்' என்று கொழும்பிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவர் இலகுவாகச் சொல்வது போல இங்கே சொல்லிவிட முடிவதில்லை. இதனை எனக்கு உணர்த்தியவர் கச்சான் வறுத்து விற்கும் ஒரு தாய்.

அவருடைய பேரன் என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்தவன். அவருடைய இளைய மகனை 2009 மே மாதம் வட்டுவாகற் பக்கத்திலே கண்டதுதான் கடைசி. அதன்பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம், விசாரணைக் குழுக்கள், விண்ணப்பப் படிவங்கள், கிளிநொச்சியிலே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய வீதியோரப் போராட்டம் என்று அவருடைய வாழ்க்கை நடந்தது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டு, 2018இல் அதற்கு ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டபோது அங்கும் விண்ணப்பித்தார். பதில் வருவதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, பேரனின் கைத்தொலைபேசியிலே அவர் பெயரில் ஒரு கணக்குத் திறக்கப்பட்டது. அந்த முகவரி மனுக்களிலும் படிவங்களிலும் அவற்றின் பிரதிகளிலும் எழுதப்பட்டு எங்கெல்லாமோ சென்றது. எந்தப் பிரதி எவர் கையிற் சேர்ந்ததென்று யாரால் சொல்ல முடியும்? மகனிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. ஆனால் கடன் தருபவரும், டொலர் பரிசு தருபவரும், கனடாவில் வேலை தருபவரும் நாள்தோறும் வந்தார்கள்.

பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022ஆம் ஆண்டிலே ஒருநாள், பெட்டி நிரம்பி வழிவதால் தேவையான கடிதம் எது, தேவையற்றது எதுவெனத் தெரியவில்லை என்று பேரன் என்னை அழைத்தான். நான் சென்று பார்த்து, தெரியாத முகவரிகள் யாவற்றையும் தடுத்துவிடலாம் என்றேன். அந்தத் தாய் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார்.

"தெரியாத இடத்திலயிருந்துதானே சேர் அவன் எழுதுவான்? தெரிஞ்ச இடமெண்டா நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்பனே. எல்லாத்தையும் பூட்டிப்போட்டா அவன் எதாலை வாறது?"

நான் மோசடிக்காரரைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது புதிதன்று. போர் முடிந்த அடுத்தடுத்த ஆண்டுகளிலே, மகன் இன்ன முகாமில் இருக்கிறான், பணம் தந்தால் வெளியில் எடுக்கலாம் என்று தொலைபேசியிற் சொன்ன ஒருவனுக்கு, இரண்டு பசுக்களை விற்றுப் பணம் அனுப்பியவர் அவர். அப்படிப் பணம் பறிகொடுத்த குடும்பங்கள் வன்னியில் ஒன்றிரண்டல்ல.

"அவன் பொய் சொன்னவன் எண்டு எனக்குத் தெரியும். பொய்க்காரன் வாறான் எண்டதுக்காகப் படலையைச் சாத்தினா, பிள்ளை வந்து திரும்பிப் போயிடும்."

இதற்கு நான் எந்த விடையும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விடை எந்தக் கணினி நூலிலும் இல்லை.

வேண்டாத கடிதத்தை இயந்திரம் எவ்வாறு கண்டுபிடிக்கிறது? 2002ஆம் ஆண்டிலே போல் கிரகாம் என்பவர் விளக்கிப் பரவலாக்கிய முறையொன்று இதற்கு அடிப்படையாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பாதிரியார் தோமஸ் பேய்ஸின் நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டு, ஒவ்வொரு சொல்லும் குப்பைக் கடிதங்களில் எவ்வளவு வருகிறது, நல்ல கடிதங்களில் எவ்வளவு வருகிறது என்று எண்ணி, வந்த கடிதத்தின் தன்மையை மதிப்பிடுவது. இன்றைய வடிகட்டிகள் இதனினும் மிகச் சிக்கலானவை. ஆயினும் உள்ளே இருக்கும் எண்ணம் இதுவே. இப்போது அந்தத் தாய் காத்திருக்கும் கடிதத்தை மனத்திலே எழுதிப் பாருங்கள். முன்பின் அறியாத முகவரி. எழுதியவர் வேறொருவராக இருக்கக்கூடும். 'உங்களுக்கு என்னைத் தெரியாது' என்று தொடங்கும். சிறை என்ற சொல் வரும், அவசரம் வரும், ஒருவேளை, உதவி என்ற சொல்லும் வரும். பெயரின் எழுத்து பிழைபட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால், மோசடிக் கடிதத்துக்குரிய அடையாளங்கள் எவையோ அவை யாவும் அவருடைய மகனின் கடிதத்துக்கும் அடையாளங்களாகும். இயந்திரம் இரண்டையும் ஒரே பெட்டியிற் போடும். அதனைக் குறைகூறிப் பயனில்லை. இவ்விரு கடிதங்களையும் வெவ்வேறாக்கும் வேலை இயந்திரத்துடையதன்று. யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று சொல்லவேண்டியவர்கள் சொல்லியிருந்தால், ஒரு தாய் குப்பைப் பெட்டியைக் கிளறிப் பார்க்க வேண்டியிராது.

சிறையிலிருப்பவனின் பெயரால் பணம் பறிக்கும் இந்தத் தந்திரம் மின்னஞ்சலோடு பிறந்ததுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'ஸ்பானியக் கைதி' என்றொரு மோசடிக் கடிதம் உலவிற்று. செல்வர் ஒருவர் ஸ்பெயின் தேசத்துச் சிறையிலே கிடக்கிறார், அவரை மீட்கப் பணம் அனுப்பினால் பெரும் பங்கு கிடைக்கும் என்பது அதன் சாரம். அக்கடிதமே பின்னாளில் நைஜீரியப் பணக் கடிதமாக உருமாறி, அந்நாட்டுக் குற்றவியற் கோவையின் 419ஆம் பிரிவின் எண்ணைத் தன் பெயராகப் பெற்றது. அந்தக் கடிதங்கள் பெறுபவரின் பேராசையைத் தூண்டின. எங்கள் ஊருக்கு வந்தவையோ தாயின் பாசத்தை விலைபேசின. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தகாது.

ஆனால் இப்போது கதை மேலும் ஒரு திருப்பம் கொண்டிருக்கிறது. வேண்டாத கடிதத்தை எழுதுபவன் யார் என்று தேடிப்போனால், சில வேளைகளிலே அங்கே உண்மையான ஒரு கைதி இருக்கிறான்! மியன்மாரில் குறைந்தது ஓர் இலட்சத்து இருபதாயிரம் பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேரும் இணைய மோசடி வேலையில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டிருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகத்தில் அறிக்கையிட்டது. கணினி வேலை, நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்கள் அவர்கள். கடவுச்சீட்டு பறிக்கப்பட்டு, முள்வேலிக்குள்ளே, நாளொன்றுக்கு இத்தனை பேரை ஏமாற்ற வேண்டும் என்ற கணக்கோடு அடியும் உதையும் பட்டு எழுதுகிறார்கள். மியன்மாரின் மியாவதிப் பகுதி முகாம்களில் இலங்கை இளைஞரும் அகப்பட்டிருந்தனர். 2024இல் அவர்களுள் ஒரு பகுதியினர் மீட்கப்பட்டு நாடு திரும்பினர். வேலை தருவதாக ஒருவனுக்கு வந்த பொய்க் கடிதம், அவனையே பொய்க் கடிதம் எழுதுபவனாக்கிவிடுகிறது. அந்தத் தாயின் பெட்டியிலே நாம் தடுத்த முகவரிகளுள் எத்தனைக்குப் பின்னால் இன்னொரு தாயின் பிள்ளை இருந்தானோ!

தடுக்கும் உரிமையைச் சட்டம் அறியாமலில்லை. அமெரிக்காவிலே 1967ஆம் ஆண்டுச் சட்டமொன்று, வேண்டாத விளம்பரத் தபாலை அனுப்பும் நிறுவனத்தின் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கும்படி கோரும் உரிமையை வீட்டுக்காரருக்கு அளித்தது. தபால் விற்பனையாளர்கள் இது தம் பேச்சுரிமையைப் பறிப்பதென்று வழக்காடினர். 1970இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், கேட்க விரும்பாதவரின் வீட்டுக்குள்ளே நல்ல கருத்தைக்கூட வலிந்து திணிக்கும் உரிமை எவருக்குமில்லை என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தது. நமது நாட்டிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் சம்மதமின்றி அவருக்கு விளம்பரச் செய்தி அனுப்பலாகாது என்ற கொள்கையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அதனை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்குக் குறித்த காலம் 2025இல் தள்ளிப்போடப்பட்டது. சட்டம் நல்லதே. எனினும் சம்மதம் கேட்கவேண்டிய நிறுவனத்துக்கே அது பொருந்தும். பெயரையே பொய்யாக எழுதுபவன் சம்மதப் படிவத்தை நீட்டப்போவதில்லை. இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. கடிதத்தின் அடியில் 'இனி அனுப்பாதே' என்று தொடுவதற்கு ஓர் இணைப்பு இருக்கும். ஒழுங்கான கொம்பனியின் கடிதத்தில் அதனைத் தொட்டால் கடிதம் நின்றுவிடும். மோசடிக்காரனின் கடிதத்தில் தொட்டால், இந்த முகவரியிலே உயிருள்ள ஓர் ஆள் இருக்கிறார் என்று அவனுக்கு நாமே அறிவித்தவராவோம். அவ்விடத்திற் செய்யத்தக்கது, குப்பை என முறையிடுவதும் தடுப்பதுமே.

அந்த வீட்டிலே நாங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டைச் சொல்கிறேன். தெரியாத முகவரிகளை மொத்தமாகத் தடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவாயிற்று. கடன், பரிசு, மருந்து, சூதாட்டம் என்று ஐயமின்றித் தெரிபவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தடுப்பது. பணம் கேட்கும் எந்தக் கடிதத்துக்கும், எவர் பெயரில் வந்தாலும், வீட்டிலே மூவர் கூடிப் பேசாமற் பதில் எழுதுவதில்லை. இந்த மூன்றாவது ஆள் நான் என்பது அவருடைய தீர்மானம். குப்பைப் பெட்டி முப்பது நாளில் தானாக அழியும் என்று பேரன் விளக்கியதும் அவர் முகம் மாறிற்று. பார்க்காமலே அழிந்துபோகுமா என்று இரண்டு முறை கேட்டார். அதனால், இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம், கச்சான் சட்டியை இறக்கி வைத்தபின், பேரன் அந்தப் பெட்டியைத் திறந்து அனுப்பியவர்களின் பெயர்களை உரக்க வாசிக்க வேண்டும். அவர் சுளகிலே கச்சானைப் புடைத்துக்கொண்டே கேட்பார். சொத்தையை எடுத்து எறிவது போலவே "விடு, விடு" என்று சொல்லிக்கொண்டு போவார். எப்போதாவது ஒரு பெயரில் கை நின்றுவிடும்.

"அதென்ன பேர்? திரும்ப வாசி."

பேரன் இப்போது வவுனியாவிலே வேலைக்குப் போகிறான். சனிக்கிழமைகளில் எப்போதும் வரமுடிவதில்லை. அந்நாட்களில் அவனுடைய தங்கை வாசிக்கிறாள். அவள் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். சென்ற மாதம் நான் அங்கே போயிருந்தபோது தடுக்கப்பட்ட முகவரிகளின் பட்டியல் இருநூறைத் தாண்டியிருந்தது. அவற்றுள்ளே ஒன்றை மட்டும் தடுப்பிலிருந்து எடுத்துவிடும்படி அந்தத் தாய் சொல்லியிருக்கிறார். அந்த முகவரியிலிருந்து வந்தது ஒரேயொரு கடிதம். தலைப்பில்லை, உள்ளே ஓர் எழுத்துமில்லை. எவனோ ஒருவனின் கை தவறிப்போயிருக்கும், அல்லது முகவரி உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இயந்திரம் அனுப்பியதாயிருக்கும் என்று நான் சொன்னேன்.

"இருக்கட்டும் சேர். அது ஒண்டும் கேக்கேல்லைத்தானே."